வேலை வீடு தேடி வருகிறது. உரிமையும் உடன் வருமா?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்” என்று சொல்லி வளர்ந்த சமூகம் நம்முடையது. அச்சொல்லைக் கேட்டு நகைப்போர் பலர். அதனுள் அடங்கிய துயரத்தை நினைப்போர் சிலர். துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துப் பயிர் செய்த தகப்பன், தன் மகனாவது மாதந்தவறாமற் சம்பளம் வாங்கட்டும் என்று விரும்பியதிற் குற்றம் என்ன? ஆனால் அந்தச் சம்பளம் ஊரில் இருக்கவில்லை. அதைத் தேடி மகன் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

பிரித்தானியர் ஆட்சியில் மலாயாவுக்குப் போனோம். அங்கே புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் நம்மவர் பெயர் பெற்றனர். 1905இல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை முடிந்தபின் கொழும்புக்குப் போவது எளிதாயிற்று. காசுக்கட்டளை ஊருக்கு வந்தது, கல்வீடுகள் எழுந்தன, வீட்டில் முதியவர்கள் மட்டும் எஞ்சினர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. நேர்மையாக உழைத்த தமிழ் உத்தியோகத்தர் தம் மொழியாலேயே தகுதியற்றவராயினர். யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கசக்கின்றது. 1983 யூலைக்குப் பின் நம் இளைஞர் கடல் கடந்தனர். மலாயா, கொழும்பு, இலண்டன், தொறன்ரோ என்று ஊர்கள் மாறினவே ஒழிய வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் போனது ஆள், வந்தது பணம்.

இந்த நூற்றாண்டு வழக்கத்தை மாற்றக்கூடிய வாய்ப்பு ஒன்று இன்று நம் வாயிலில் நிற்கின்றது. ஆள் போகாமலே வேலை வருகின்றது. உரும்பிராயிலோ கிளிநொச்சியிலோ வாகரையிலோ இருந்துகொண்டு, கணினியும் இணையத் தொடர்பும் துணையாக, கொழும்பு நிறுவனத்துக்கும் மெல்போண் நிறுவனத்துக்கும் கணக்கெழுதலாம்; படம் வரையலாம்; செயலி அமைக்கலாம்; பாடம் சொல்லலாம். ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தொழிலாளியை வேலையிடத்துக்குக் கொண்டுபோவதிலும் வேலையைத் தொழிலாளியிடம் கொண்டுபோவதே மேல் என்ற கருத்துக்கு 1973இலேயே பெயர் சூட்டினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது பெரும்பாலும் பேச்சாகவே கிடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காக இந்நாட்டில் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, பேச்சாக இருந்தது ஒரே வாரத்திற் செயலாயிற்று. 2022 யூனில் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது அரசாங்கமே தன் ஊழியரிற் பலரை வீட்டிலிருந்து வேலை செய்யும்படி பணித்தது.

இதனை வரவேற்பதா, விலக்குவதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரவேற்க வேண்டும், ஆனால் கைகூப்பிக்கொண்டு அன்று, கையில் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு. தனியொருவனாக அன்று, ஊராகச் சேர்ந்து. இந்த இரண்டும் இல்லையேல், வீட்டுக்கு வரும் வேலை வீட்டுக்குள் வரும் அடிமைத்தனமாகவே முடியும்.

ஒன்பது ஆறாகிய கதை

இஃது ஒரு சில இளைஞரின் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை மட்டும் என்று கருதுவோர்க்கு ஒரு கணக்கைக் காட்ட விரும்புகிறேன். 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் அவை 7 ஆயின. 2024இல் 6 ஆயின. இந்த மூன்று ஆசனங்களையும் எவரும் போர் செய்து பறிக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் நம் பெயர்கள் குறைந்தன. மற்ற மாவட்டங்களிற் கூடின. சட்டம் சொன்ன கணக்குப்படி ஆசனங்கள் நகர்ந்தன. போரில் இறந்தோரும் இடம்பெயர்ந்தோரும் இதற்கு ஒரு காரணம். ஆயின் போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின்னும் இளைஞர் பிரயாணப் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருப்பது மற்றொரு காரணம்.

நாம் மேடைதோறும் தாயகம் என்று பேசுகிறோம். தாயகம் என்பது நிலப்படத்திற் கீறிய கோடன்று. அங்கே குடியிருந்து, பிள்ளை பெற்று, கிணறு இறைத்து, வாக்களிக்கும் மக்களே தாயகம். அவர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லையேல் எந்தத் தீர்மானத்தாலும் அவர்களைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே ஓர் இளைஞன் ஊரிலிருந்தே கௌரவமாக உழைக்க வழி காட்டுவது, ஒரு பொதுக்கூட்டம் நடத்துவதற்குக் குறைந்த அரசியல் வேலை அன்று.

நன்மைகள்

முதலாவது நன்மை வெளிப்படையானது. வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பேருந்துச் செலவு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு என்று கழித்துப் பார்த்தால், கொழும்பிற் சம்பளம் வாங்கும் இளைஞனின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும். அதே சம்பளத்தை வீட்டிலிருந்து பெறுபவன் அதிற் பெரும்பகுதியைச் சேமிப்பான். செலவழிப்பதையும் உள்ளூர்ச் சந்தையிலேயே செலவழிப்பான்.

இரண்டாவது, மொழி. 1956இல் நாம் இழந்ததைச் சட்டப் புத்தகத்தில் ஓரளவு மீட்டோம். 1987இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. கந்தோர்களின் நடைமுறை வேறு. ஆனால் வெளிநாட்டு நிறுவனம் சிங்களம் தெரியுமா என்று கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கின்றது, தொழில் கேட்கின்றது. சில வேலைகளில் தமிழையே கேட்கின்றது. புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளுக்குத் தமிழும் பண்ணிசையும் கற்பிக்கும் ஆசிரியைகள் நம் கிராமங்களில் இருக்கின்றனர். மொழியினால் வேலை இழந்த இனத்துக்கு மொழியே வேலை தருவதை நாம் சிறிதாக எண்ணலாகாது.

மூன்றாவது, வீட்டைவிட்டு வெளிச்செல்ல முடியாதவர்கள். போரில் கணவரை இழந்து பிள்ளைகளையும் முதியோரையும் தாங்கி நிற்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேர்! பட்டம் பெற்றும், தூர இடத்து நியமனத்தை ஏற்க முடியாது வீட்டில் இருப்போர் எத்தனை பேர்! காலை இழந்தவனுக்குப் பேருந்தில் ஏற இயலாது; கணினி முன் அமர இயலும். இவர்களுக்கு இது வசதி அன்று, வாழ்வு.

நான்காவது, கமக்காரரைப் பற்றியது. மகன் ஊரில் இருந்தால் தோட்டம் தரிசாகாது. அவன் மண்வெட்டி பிடிக்காவிட்டாலும், நீர்ப்பம்பி வாங்கவும் விதை வாங்கவும் கையிற் காசு இருக்கும். வெங்காயம் விலை விழுந்த ஆண்டில் வட்டிக்காரனிடம் போக வேண்டியதில்லை. விளைச்சல் கைவிட்டால் சம்பளம் தாங்கும். சம்பளம் கைவிட்டால் விளைச்சல் தாங்கும். இரண்டு காலில் நிற்கும் குடும்பத்தை எளிதில் வீழ்த்த முடியாது.

வீட்டிலிருப்பவன் வேலையை ஏய்ப்பான் என்று சொல்லும் முதலாளிமாருக்கும் விடை உண்டு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடன் ஆய்ந்தோரும், சீனாவின் சீட்ரிப் என்ற பிரயாண நிறுவனத்தில் ஒன்பது மாதம் நடத்திய சோதனையின் முடிவை 2015இல் வெளியிட்டனர். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தோரின் வேலைத் திறன் நூற்றுக்கு 13 வீதம் உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது.

தீமைகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே சோதனையில் வேறிரண்டு செய்திகளும் உண்டு. வீட்டிலிருந்தோர், தாம் செய்த வேலைக்கு ஏற்ற அளவிற் பதவி உயர்வு பெறவில்லை. கண்ணிற் படாதவன் கருத்திலும் படுவதில்லை. சோதனை முடிந்தபின் அவரவர் விருப்பம் கேட்கப்பட்டபோது, வீட்டிலிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கந்தோருக்கே திரும்பினர். தனிமை அவர்களை வாட்டிற்று. கூட்டுக் குடும்பத்திலும் கோயில் வீதியிலும் வளர்ந்த நம் பிள்ளைகள், ஓர் அறைக்குள் ஆண்டுக்கணக்கிற் திரையைப் பார்த்திருந்தால் என்னாவர் என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

நேரக் கணக்கும் உண்டு. குளிர்காலத்தில் இலண்டன் கந்தோர் காலை 9 மணிக்குத் திறக்கும்போது நமக்குப் பிற்பகல் 2.30, அது மூடும்போது நமக்கு இரவு 10.30. இதனைத் தாங்கலாம். தொறன்ரோவில் காலை 9 மணி நமக்கு இரவு 7.30. அவர்கள் மாலை 5 மணிக்கு வீடு செல்லும்போது நமக்கு அதிகாலை 3.30. ஊர் உறங்கும்போது விழித்தும், ஊர் விழிக்கும்போது உறங்கியும் வாழ்பவன் ஊரில் இருக்கிறான் என்று சொல்வது எங்ஙனம்? உடல் மட்டும் இங்கே, வாழ்வு அங்கே.

பெண்களுக்கு இன்னொரு சுமை. “வீட்டில்தானே இருக்கிறாள்” என்ற ஒரு சொல்லினால் அடுப்பும் பிள்ளையும் முதியோரும் கந்தோரும் ஒரே நேரத்தில் அவள் தலையில் ஏறுகின்றன. அவள் வேலையை வேலையாக மதிக்கக் குடும்பத்தார் முதலிற் பழக வேண்டும்.

மின்சாரமும் தொடர்பும் நம் கையில் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று சொல்லப்பட்டது. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிற்று. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நம் தலைமுறை மறக்கவில்லை. கம்பியின் மறுமுனை யார் கையில் இருக்கிறதோ, பிழைப்பின் ஒரு முனையும் அவர் கையில் இருக்கின்றது.

தூரத்துச் சந்தையை நம்பிய பயிரின் கதையைக் கமக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்தன. 1977இற் கொழும்பில் ஆட்சி மாறிற்று, துறைமுகம் திறந்தது, விலை விழுந்தது. நம் கமக்காரர் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. அவர்களைக் கேளாமலே தீர்மானம் ஒன்று வேறிடத்தில் எடுக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரும் வேலைக்கும் இதுவே நிலை. அந்நாட்டிற் சந்தை மந்தமானால் முதலிற் கழிக்கப்படுபவன் முகம் தெரியாத தூரத்து ஊழியன். போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்ற புதிய இயந்திரம், ஒலிப்பதிவைப் படியெடுத்தல், எளிய மொழிபெயர்ப்பு, விவரங்களைத் திரட்டி நிரப்புதல் போன்ற சில்லறை வேலைகளைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது. நேற்று ஒருவனுக்குச் சோறு போட்ட வேலை நாளை இராது.

சட்டம் எங்கே நிற்கிறது?

சில மாதங்களுக்கு முன் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் கந்தோருக்கு வந்தார். மகன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்து கணக்கெழுதி வந்தவன். மூன்று மாதச் சம்பளம் தவணை சொல்லித் தள்ளப்பட்டது. பின்னர் ஒரு நாட்காலை அவனுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கடிதத்துக்கு மறுமொழி இல்லை. வேலை முடிந்தது என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அதில் அவன் ஊழியன் அல்லன்; “சுதந்திர ஒப்பந்தகாரன்”. பிணக்கு எழுந்தால் அந்நாட்டுச் சட்டப்படி, அந்நாட்டு நகரொன்றில், அந்நாட்டு நடுத்தீர்ப்பாளர் முன் தீர்க்கப்பட வேண்டும். இங்கே வழக்கு வைக்க வாதம் தேடலாம், தீர்ப்பும் பெறலாம். இந்நாட்டில் ஒரு நாற்காலியும் இல்லாத நிறுவனத்திடமிருந்து அத்தீர்ப்பின் பணத்தை அறவிடுவது எப்படி? உள்ளதைச் சொன்னேன். தகப்பனார் சற்று நேரம் பேசாதிருந்து, “ஐயா, வெங்காயம் ஏற்றிப்போன வியாபாரி காசு தராவிட்டால் அடுத்த சந்தையில் ஆளைப் பிடிக்கலாம். இவனை எங்கே பிடிக்கிறது?” என்றார். அக்கேள்விக்கு என் சட்டப் புத்தகங்களில் விடை இல்லை.

இந்நாட்டுத் தொழிலாளர் பல்லாண்டு போராடிப் பெற்றவை எவை என்று எண்ணிப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ்த் தொழில் நியாய சபை உண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்ற வரம்பும், ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும், 7 நாள் அமய லீவும் உண்டு. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டு உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. “சுதந்திர ஒப்பந்தகாரன்” என்று கையெழுத்திட்ட மறுகணமே இவை அத்தனையும் கைநழுவுகின்றன.

இதனை ரூபாயிற் பார்ப்போம். இலட்சம் ரூபா சம்பளம் தரும் உள்ளூர் முதலாளி, சேமலாப நிதிக்கு 12,000 ரூபாவும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3,000 ரூபாவும் சேர்த்துச் செலுத்துகிறார். பணிக்கொடை மாதக் கணக்கில் ஏறக்குறைய 4,000 ரூபா. ஆக 1,19,000 ரூபா. வெறும் இலட்சம் ரூபா தரும் வெளிநாட்டு ஒப்பந்தம், உள்ளூரில் 84,000 ரூபா சம்பளத்துக்கே சமம். லீவையும் நோயையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. வரியையும் மறவாதீர்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையால் வங்கிவழி வரும் வருமானம் முன்பு வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு உச்ச அளவாக 15 வீத வரி விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையுள்ள வருமானத்துக்கு விலக்கு உண்டு. வரி கேட்கும்போது இவ்விளைஞனைக் கண்டுகொள்ளும் அரசாங்கம், அவன் கூலி இழந்து நிற்கும்போது மட்டும் காணாதிருப்பது நீதியா?

வேலை தேடும் இளைஞருக்கு

நிற்க. குறைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போவது வழிகாட்டல் ஆகாது. என் கண்முன் வந்துபோன ஒப்பந்தங்களிலிருந்து கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வேலையைத் தேடுமுன் தொழிலைத் தேடுங்கள். “கணினி தெரியும்” என்பது தொழில் அன்று. கணக்கியல், கட்டட வரைபடம், மென்பொருள், சட்ட ஆவணம், மருத்துவக் குறிப்பு என்று ஒன்றில் ஆழ்ந்த தேர்ச்சி வேண்டும். ஆங்கிலத்தில் தவறின்றி ஒரு கடிதம் எழுதும் ஆற்றல் வேண்டும். சான்றிதழைவிடச் செய்து முடித்த வேலையே தூரத்து முதலாளிக்குச் சான்று. ஆகவே சிறிய வேலைகளைச் செய்து, காட்டத்தக்க ஒரு தொகுப்பை முதலில் உண்டாக்குங்கள். கடல் கடந்த உறவினரிடம் மாதப் பணம் கேட்பதைவிட, அவர் பணிபுரியும் நிறுவனத்தில் ஓர் அறிமுகம் கேட்பது மேல்.

இரண்டாவது, வேலை தருவதற்குப் பணம் கேட்பவன் வேலை தருபவன் அல்லன். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், உபகரண வைப்புப் பணம் என்று எப்பெயரில் வந்தாலும் அது ஏமாற்று. கணினி வேலை என்று சொல்லி வெளிநாட்டுக்கு அழைப்பவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அத்தகைய பேச்சை நம்பிச் சென்ற இந்நாட்டு இளைஞர் பலர் மியன்மாரில் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டனர். 2024இல் அவர்களைத் தொகுதி தொகுதியாக மீட்டுக் கொணர வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலைக்கு விமானச் சீட்டு எதற்கு என்று கேட்டாலே போதும்.

மூன்றாவது, ஒப்பந்தம். கையெழுத்திடுமுன் எட்டு விடயங்களைப் பாருங்கள்: கூலி எவ்வளவு, எந்நாட்டு நாணயத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, வேலை நேரம் எது, மேலதிக நேரத்துக்கு என்ன, விலக்குவதாயின் எத்தனை நாள் முன்னறிவித்தல், செய்த வேலையின் உரிமை யாருக்கு, பிணக்கு எந்நாட்டில் தீர்க்கப்படும். இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிடினும் எழுத்திற் கேளுங்கள். கேட்டதற்காக வேலையை மறுக்கும் நிறுவனம் நாளை கூலியையும் மறுக்கும். கூடியவரை இலங்கையிற் பதிவு பெற்ற நிறுவனத்தின் ஊழியனாகச் சேர்ந்து வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள். அப்போது மேற்சொன்ன சட்டங்களின் பாதுகாப்பைக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான்காவது, ஒரே எசமானை நம்பாதீர்கள். மாதக் கடைசி வரை காத்திராமல் வாரத்துக்கோ வேலைப் பகுதிக்கோ கூலி பெறுங்கள். பணம் எந்த வங்கி வழியாக வரும் என்பதை வேலை தொடங்குமுன் உறுதி செய்யுங்கள். முதலாளி போடாத சேமலாப நிதியை நீங்களே உங்களுக்குப் போடுங்கள். வரும் பணத்தில் ஐந்தில் ஒன்று வீட்டுச் செலவுக்கு உரியதன்று என்று விதித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த அந்த இளைஞன் இழந்த மூன்று மாதச் சம்பளம் இழந்ததுதான். இன்று அவன் இரண்டு சிறிய நிறுவனங்களுக்கு வாரக் கூலிக்கு வேலை செய்கிறான். இப்போது கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவருகிறான்; அப்போதே கொண்டுவந்திருக்கலாம்.

ஊர் செய்ய வேண்டியது

தனியொருவனின் எச்சரிக்கை மட்டும் போதாது. தோட்டத்துப் புகையிலையைத் தனித்தனியே விற்று ஏமாந்த நம் முன்னோர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்றனர். மூளாயிற் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்திக் காட்டியது இந்தச் சமூகம். அதே முறையைத் தூரத்து வேலைக்கும் ஏன் கையாளலாகாது? ஐம்பது இளைஞர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால், ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் அமையும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் வேலையை முடிப்பான். கூலி தராத நிறுவனத்தின் பெயர் ஒரே நாளில் ஐம்பது பேருக்குத் தெரியவரும். சேமநிதியைச் சங்கமே பிடித்து வைக்கும். புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள தமிழ்ச் சட்டத்தரணிகள் அந்நாட்டு வழக்குகளில் அச்சங்கத்துக்காக ஒரு கடிதம் எழுதினாலே பாதிக் கூலி வந்து சேரும்.

அடுத்தது, இடம். ஊருக்கு ஊர் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் வைத்திருக்கும் சமூகம் நாம். அவற்றிற் பல மாலையிற் பத்திரிகை பார்ப்பதற்கு மட்டும் திறக்கப்படுகின்றன. கூரையிற் சூரிய மின்தகடு, சேமிப்பு மின்கலம், நல்ல இணையத் தொடர்பு, பத்து மேசை, பெண்களுக்குத் தகுந்த வசதி ஆகியவற்றை அங்கே அமைத்தால், தனிமையும் மின்வெட்டும் ஒருங்கே தீரும். திரையின் முன் இருப்பவனுக்குப் பக்கத்தில் ஒரு தோழன் இருப்பான். 2025 மேயில் மக்கள் வாக்களித்து அமைத்த பிரதேச சபைகள், தெருவிளக்கையும் வடிகாலையும் கவனிப்பதோடு இதனையும் தம் வரவுசெலவுத் திட்டத்திற் சேர்க்கட்டும். வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்கள் இன்னொரு கோபுரத்துக்குத் தரும் பணத்திற் பத்தில் ஒன்றைத் தந்தாற் போதும்.

பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்பந்தத்திற் பெயர் எதுவாயினும், ஒருவனுடைய வேலையின் நேரத்தையும் முறையையும் மற்றொருவன் ஆளுவானாயின் அவன் ஊழியனே என்று சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். இந்நாட்டிலிருந்து ஊழியம் பெறும் வெளிநாட்டு நிறுவனம் இங்கே ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்ற விதியும் வேண்டும். தனித் தொழில் செய்வோர் தாமே செலுத்தத்தக்க சேமநிதி ஒன்றும் வேண்டும். இக்கோரிக்கைகளாற் பயன்பெறுவோர் தமிழர் மட்டுமல்லர். மாத்தறையிலும் குருநாகலிலும் இதே வேலை செய்யும் சிங்கள இளைஞரும் இதே நிலையிலேயே இருக்கின்றனர். உழைப்பின் உரிமைக்காக அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பதில் நமக்கு இழப்பு இல்லை.

புதிய லிகிதராவதா?

இது பழைய லிகிதர் உத்தியோகத்தின் மறுபிறப்பே, வெள்ளையனுக்குக் கணக்கெழுதும் அடிமைப் புத்தி மீண்டும் வருகிறது என்று நண்பர் சிலர் சொல்கின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நூறு இளைஞர் பிறர் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தால் நம் மண்ணில் ஒரு தொழிற்சாலையும் எழாது. ஆயின் மலாயாவில் வேலை கற்றவன் ஊருக்கு வந்தபோது பென்சனோடும் முதுமையோடும் வந்தான். இன்று வேலை கற்பவன் இருபத்தைந்து வயதில் ஊரிலேயே இருக்கிறான். கற்ற தொழிலைக் கொண்டு பத்தாண்டில் அவனே பத்துப்பேருக்கு வேலை தரலாம். தோட்டத்து விளைவை நேரே தூரச் சந்தையில் விற்கலாம். பிரதேச சபையில் உறுப்பினனாகலாம். அவன் இங்கே இருந்தால் மட்டுமே இவை நிகழும். ஆகவேதான் கூலிக்கு எழுதும் கணக்கையும் நான் இகழமாட்டேன். அதை முடிவாகக் கொள்ளாமற் படியாகக் கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வீட்டிலிருந்து உழைப்பதை வேலையற்று இருப்பதாக எண்ணாதீர்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதும் அரச உத்தியோகமா, வெளிநாடா என்று மட்டும் கேளாதீர்கள். இளைஞரே, ஒப்பந்தத்தைப் படியாமற் கையெழுத்திடாதீர்கள், தனித்து நில்லாதீர்கள், கணினியின் பக்கத்திலுள்ள கிணற்றையும் மறவாதீர்கள். தலைவர்களே, வேலை கேட்டு வரும் இளைஞனுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் காலம் போய்விட்டது. அவனுக்கு ஒரு மேசையும் ஒரு சட்டமும் கொடுங்கள்.

ஒன்பது ஆறாயிற்று. ஆறு ஐந்தாகாமல் இருப்பது கொழும்பின் கையில் மட்டும் இல்லை. அடுத்த வாக்காளர் இடாப்பில் எத்தனை பெயர்கள் நம் ஊரில் எழுதப்படும் என்பதை, ஊரிலே உழைத்து ஊரிலே வாழ வழி உண்டா என்ற கேள்விக்கு நாம் காணும் விடையே தீர்மானிக்கும்.